ஷெட்லந்துச் சால்வை: மாதிரி பார்த்துப் பின்னும் முறையும் கூலி பெற்ற வரலாறும்

வீட்டிலிருந்தபடியே ஓய்வு நேரத்தில் செய்யக்கூடிய கைத்தொழில்களுள், கம்பளி நூலால் சால்வை, கழுத்துத் துண்டு, மேஜோடு முதலியவற்றைப் பின்னுவதும் ஒன்றாகும். இதற்குத் தறி வேண்டுவதில்லை, தனியிடமும் வேண்டுவதில்லை. இரண்டு மூன்று ஊசிகளும் சிறிது நூலும் இருந்தாற் போதும். ஆயினும், முதல் குறைவாக வேண்டும் தொழில் என்பதனாலேயே அது ஜீவனத்துக்கு ஏற்ற தொழிலாகிவிடாது. செய்பவருடைய கைத்திறமை ஒரு பாதி. செய்த பொருளுக்கு உரிய விலை அவர் கைக்கு எவ்விதம் வந்து சேருகிறது என்பது மற்றொரு பாதி. இவ்விரண்டையும் ஒருங்கே விளக்கிக் காட்டுவதற்கு ஷெட்லந்துத் தீவுகளின் வரலாற்றைக் காட்டிலும் தகுந்த உதாரணம் கிடைப்பது அரிது.

தீவுகளும் தொழிலும்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஏறக்குறைய 100 மைல் தூரத்தில், கடல் நடுவே இருக்கும் கூட்டம் ஷெட்லந்துத் தீவுகள். சிறியனவும் பெரியனவுமாக அங்கே சுமார் 100 தீவுகள் உண்டு. மக்கள் வசிப்பவை மிகச் சில. காற்று மிகுந்த குளிர்ப்பிரதேசமாதலால் விளைச்சல் குறைவு. முற்காலத்தில் ஆண்மக்கள் பெரும்பாலும் மீன் பிடிக்கக் கடலுக்குச் சென்றுவிடுவர். நிலத்தைக் கொத்துவதும், கால்நடைகளைப் பேணுவதும், அடுப்பெரிக்கும் கரிமண்ணைச் சுமந்து வருவதும் பெண்களுடைய வேலையாக இருந்தன. இவற்றோடு கூடவே அவர்கள் இடைவிடாது பின்னிக்கொண்டும் இருந்தார்கள்.

இதற்கு அவர்கள் ஓர் எளிய உபாயத்தைக் கையாண்டனர். குதிரைமயிர் திணித்த தோல் மெத்தை ஒன்று இடுப்புக் கச்சையில் பொருத்தப்பட்டிருக்கும். அதில் பல துவாரங்கள் இருக்கும். ஊசியின் ஒரு முனையை அத்துவாரத்திற் செருகிவிட்டால் ஊசியைக் கையாற் பிடிக்க வேண்டுவதில்லை. முதுகில் கூடைச் சுமையுடன் நடந்துகொண்டே பின்னலாம். பின்னும் வேகமும் அதிகரிக்கும். இக்கச்சையை அத்தீவினர் இன்றும் உபயோகிக்கின்றனர்.

தொடக்கத்தில் முக்கியமான சரக்கு மேஜோடேயாகும். 17-ம் நூற்றாண்டில் ஹெர்ரிங் மீன் பிடிக்க வந்த டச்சுக்காரர்கள் லெர்விக் துறைமுகத்தருகே கப்பல்களை நிறுத்தியபோது, தீவுப் பெண்கள் முரட்டுக் கம்பளி மேஜோடுகளை அவர்களுக்கு விற்றனர். பின்னர் அவ்வியாபாரம் தளர்ந்தது. இயந்திரத்தால் செய்த மேஜோடுகளும் போட்டிக்கு வந்தன. 1837-ம் வருஷத்தில், லெர்விக்கில் பிறந்தவரும் பி. அண்டு ஓ. கப்பல் கம்பெனியை நிறுவியவர்களுள் ஒருவருமான ஆர்தர் ஆண்டர்ஸன், ஷெட்லந்து மேஜோடுகளை விக்டோரியா மகாராணிக்குக் காணிக்கையாக அளித்தார். அதையடுத்த சில வருஷங்களில் வலைபோன்ற மெல்லிய சால்வைகள் நாகரிக உலகில் பெயர் பெற்றன. வடகோடியிலுள்ள அன்ஸ்ட் தீவின் சால்வைகள் இவற்றுள் தலைசிறந்தவை. ஆறு அடிச் சதுரமுள்ள சால்வை மூன்று அவுன்ஸுக்கும் குறைவான எடையுடையதாய், ஒரு விவாக மோதிரத்தின் வழியே இழுக்கக்கூடியதாய் இருக்கும்.

மாதிரி என்பது யாது?

பின்னல் மாதிரி என்பது ஒரு கணக்கு. எந்த வரிசையில் எத்தனை கண்ணிகளை நேராகப் பின்ன வேண்டும், எத்தனையை எதிர்ப்புறமாகப் பின்ன வேண்டும், எங்கே இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும், எங்கே ஊசியின்மேல் நூலைச் சுற்றிப் புதுக்கண்ணி உண்டாக்க வேண்டும் என்பதையே அது கூறுகிறது. சேர்க்குமிடத்தில் ஒரு கண்ணி குறையும். சுற்றுமிடத்தில் ஒரு கண்ணி கூடி, அங்கே ஒரு துவாரமும் விழும். துவாரங்கள் அமையும் ஒழுங்கே சித்திரமாகிறது. புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் கோலம் கூடாததுபோல, இங்கே ஒரு கண்ணி தப்பினால் அடுத்த வரிசைகள் யாவும் பிசகும்.

ஷெட்லந்துப் பெண்கள் இக்கணக்கைக் காகிதத்தில் வைத்திருக்கவில்லை. தாய் பின்னுவதைப் பார்த்து மகள் மனத்திற் பதித்துக்கொண்டாள். அச்சிட்ட மாதிரிக் குறிப்புகள் வேறிடத்தில் வளர்ந்தன. எடின்பரோ நகரில் கம்பளி நூற்கடை நடத்திய ஜேன் கோகெய்ன் என்னும் மாது, 1840-ம் வருஷத்தில் வெளியிட்ட புத்தகத்தில், ஒவ்வொரு செய்கைக்கும் ஒரு சுருக்கெழுத்தை ஏற்படுத்தி மாதிரிகளை விளக்கினார். இப்போது வழங்கும் குறிப்புகளும் அவ்வழியைப் பின்பற்றியவையே. கட்டம் கட்டிய தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று வரைந்து காட்டுவது மற்றொரு முறை.

உதாரணமாக, ஷெட்லந்தில் மிகவும் வழங்கும் அலை மாதிரியை எடுத்துக்கொள்வோம். இது 18 கண்ணிகளையும் 4 வரிசைகளையும் கொண்டது. முதல் வரிசை முழுவதும் நேர்க்கண்ணி. இரண்டாவது வரிசை முழுவதும் எதிர்க்கண்ணி. மூன்றாவது வரிசையில், முதலில் இவ்விரண்டு கண்ணிகளாக மூன்று முறை சேர்த்துப் பின்ன வேண்டும். பிறகு, நூலை ஒரு முறை சுற்றி ஒரு கண்ணி பின்னுவதை ஆறு தடவை செய்ய வேண்டும். கடைசியாக, மறுபடியும் இவ்விரண்டாக மூன்று முறை சேர்க்க வேண்டும். நான்காவது வரிசை முழுவதும் நேர்க்கண்ணி. மூன்றாவது வரிசையில் குறைந்தவை 6, கூடியவை 6. ஆகவே மொத்தம் 18 ஆகவே நிற்கும். வரிசை முடிந்ததும் எண்ணிப் பார்க்கையில் 17 அல்லது 19 வந்தால், பிழை அவ்வரிசையிலேயே இருக்கிறதென்று அறிந்து உடனே திருத்திக்கொள்ளலாம்.

அளவு பார்த்தல்

புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் அசட்டை செய்யும் விஷயம் ஒன்று உண்டு. ஒரே மாதிரியையும் ஒரே நூலையும் கொடுத்தாலும், ஒருவர் இறுக்கிப் பின்னுவார், மற்றொருவர் தளரப் பின்னுவார். ஆதலால் வேலையைத் தொடங்குமுன் நாலைந்து அங்குலச் சதுரத்தில் ஒரு துண்டு பின்னி, நனைத்து உலர்த்தி, ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணிகள் என்று எண்ணிப் பார்த்தல் அவசியம்.

கழுத்துத் துண்டுக்கு இது எவ்விதம் உதவுமெனில், 4 அங்குலத்துக்கு 22 கண்ணிகள் வருவதாக வைத்துக்கொள்வோம். மேற்கூறிய அலை மாதிரியில் மூன்று முறைக்கு 54 கண்ணிகள் வேண்டும். ஆகவே துண்டின் அகலம் ஏறக்குறைய 10 அங்குலமாகும். இன்னொருவருடைய கையில் 4 அங்குலத்துக்கு 20 கண்ணிகளே வருமாயின், அதே 54 கண்ணிகளுக்கு அகலம் 11 அங்குலத்தை நெருங்கும். நூலும் அதிகம் செலவாகும். கழுத்துத் துண்டில் ஓர் அங்குலம் கூடினால் பாதகமில்லை. மேஜோட்டில் அப்படியன்று. அங்குலத்துக்கு 8 கண்ணிகள் என்று எண்ணி 64 கண்ணிகள் போட்டால் சுற்றளவு 8 அங்குலம். கை தளர்ந்து 7 கண்ணிகளே வந்தால் சுற்றளவு 9 அங்குலத்துக்கு மேற்போய், மேஜோடு காலில் நில்லாமல் நழுவிவிடும்.

மேஜோட்டின் குதிகால்

மேஜோட்டில் கடினமான பாகம் குதிகால். மேற்கூறிய 64 கண்ணிகளை நான்கு ஊசிகளில் பகிர்ந்து, ஐந்தாவது ஊசியால் வட்டமாகப் பின்னிக் கணுக்கால் வரையில் இறக்கிய பிறகு, பாதியாகிய 32 கண்ணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னும் பின்னுமாக 32 வரிசைகள் பின்ன வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் முதற்கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றிக்கொண்டு வந்தால், இரு ஓரங்களிலும் பக்கத்துக்கு 16 நெடுங்கண்ணிகள் சங்கிலிபோல் அமையும். பிறகு குறுவரிசைகளால் நடுவே வளைத்து 32 கண்ணிகளை 18 ஆகக் குறைத்தால் குதிகாலின் குழிவு உண்டாகும். இரு ஓரத்துச் சங்கிலிகளிலிருந்து 16-ம் 16-மாகக் கண்ணிகளை எடுத்து, பாதத்தின் மேற்புறமுள்ள 32-ஐயும் கூட்டினால் மொத்தம் 82 ஆகும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இவ்விரண்டு கண்ணிகளாக 9 தடவை குறைத்தால் மீண்டும் 64 வந்துவிடும். இதன் பின்பு விரல் முனை வரையில் நேராகப் பின்னிச் செல்லலாம்.

சால்வையின் அமைப்பு

வீட்டு உபயோகத்துக்கான ஷெட்லந்துச் சால்வை மூன்று பாகங்களையுடையது. நடுவே சித்திரமில்லாத சதுரம். அதைச் சுற்றி அலை மாதிரியில், பெரும்பாலும் பல வர்ணக் கோடுகளுடன் அகன்ற கரை. அதற்கும் வெளியே பற்கள் போன்ற குறுகிய விளிம்பு. இயன்ற மட்டும் தையலின்றி, ஒரு பாகத்தின் ஓரத்திலிருந்தே கண்ணிகளை எடுத்து அடுத்த பாகத்தைத் தொடர்வது வழக்கம். கரையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 18-ஆல் வகுபடும் தொகை வேண்டுமாதலால், நடுச் சதுரத்தைத் தொடங்கும்போதே இக்கணக்கை யோசித்துக்கொள்ள வேண்டும்.

பின்னி முடிந்த சால்வை, பார்ப்பதற்குச் சுருங்கிய துணி மூட்டைபோலவே இருக்கும். அதை வெந்நீரும் சோப்புமிட்டு அலசி, வெண்மை வேண்டுமாயின் கந்தகப் புகை காட்டி, மரச் சட்டத்தில் ஒவ்வொரு பல்லையும் நூலால் இழுத்துக் கட்டி உலர்த்துவார்கள். அப்போதுதான் துவாரங்கள் விரிந்து சித்திரம் வெளிப்படும். லெர்விக்கில் இவ்வேலையை மட்டுமே செய்து கூலி பெற்ற பெண்களும் இருந்தனர்.

கூலியாக வந்த சரக்கு

இவ்வளவு நுட்பமாக எண்ணத் தெரிந்த பெண்களுக்குக் கிடைத்தது என்ன? 19-ம் நூற்றாண்டில் ஷெட்லந்தில் இரண்டு வழிகளில் வேலை நடந்தது. சிலர் சொந்த நூலில் பின்னிச் சால்வையை வியாபாரிக்கு விற்றனர். வேறு சிலர் வியாபாரி கொடுத்த நூலைப் பின்னிக் கூலி பெற்றனர். எவ்வழியாயினும் பெரும்பாலும் ரொக்கம் கொடுக்கப்படவில்லை. தேயிலை, பருத்தித் துணி, உடுப்புச் சாமான்கள் முதலிய கடைச் சரக்குகளே கொடுக்கப்பட்டன. அன்றைக்குச் சரக்கு வேண்டாமென்றால், அக்கடையிலேயே செல்லக்கூடிய ஒரு சீட்டு எழுதித் தரப்படும். கணக்கு பெரும்பாலும் வியாபாரியின் பேரேட்டிலேயே இருந்தது.

இதிலுள்ள நஷ்டத்தை ஓர் உதாரணத்தால் அறியலாம். ஒரு சால்வைக்கு 20 ஷில்லிங் என்று விலை பேசி, சரக்காகக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். கடைச் சரக்கின் விலை வெளிவிலையிலும் கால் பங்கு அதிகமாயின், அவளுக்கு உண்மையில் கிடைத்தது 16 ஷில்லிங் பெறுமானமே. அவளுக்கு வேண்டியதோ மாவு, கிடைத்ததோ தேயிலை. அத்தேயிலையை அண்டை வீட்டாரிடம் பாதி விலைக்குக் கொடுத்து மாவாக மாற்றினால் மிஞ்சுவது 8 ஷில்லிங். சால்வையிலோ ஒரு கண்ணியும் குறையவில்லை.

1872-ம் வருஷத்தில், வில்லியம் கத்ரி என்னும் அதிகாரி சர்க்கார் உத்தரவின்பேரில் ஷெட்லந்துக்குச் சென்று இதைப்பற்றி விசாரணை நடத்தினார். பெண்கள் பலர் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். ரொக்கம் கேட்பது வழக்கமில்லையென்றும், கேட்டாலும் கிடைப்பது அரிதென்றும், கிடைத்த தேயிலையை மாவுக்கு மாற்ற நேர்ந்ததென்றும் அவர்கள் கூறினர். சால்வை பின்னுவதற்கு வேண்டிய நல்ல நூலை மட்டும் வியாபாரிகள் காசுக்கே விற்றார்கள். அதைச் சால்வைக்கு ஈடாகக் கொடுப்பதில்லை. ஆகவே, கையில் காசில்லாதவள் சொந்த நூலில் தொழில் செய்வது எளிதாக இருக்கவில்லை. உடுக்க நல்ல துணியும் உண்ண மாவின்மையுமாகப் பல பெண்கள் இருந்தனர்.

வியாபாரிகள் தரப்பிலும் ஒரு சமாதானம் கூறப்பட்டது. தெற்கே சால்வையை விற்பதில் தங்களுக்கு லாபம் சிறிதும் இல்லாத சமயங்கள் உண்டென்றும், மாற்றாகக் கொடுக்கும் சரக்கில்தான் லாபம் வருகிறதென்றும் அவர்கள் சொன்னார்கள். இச்சமாதானமே அம்முறையின் குறையை வெளிப்படுத்துகிறது. சால்வையின் உண்மை விலை என்னவென்பது பின்னியவளுக்கும் தெரியவில்லை. விற்றவருடைய கணக்கிலும் அது தனியாகத் தெரியவில்லை.

சட்டமும் அதன் பின்பும்

கூலியை நாணயமாகவே கொடுக்க வேண்டுமென்னும் பிரிட்டிஷ் சட்டம் 1831-ம் வருஷத்திலேயே ஏற்பட்டிருந்தது. ஆனால் தன் வீட்டில் பின்னி விற்கும் பெண், சட்டத்தின் கண்ணில் கூலியாள் அல்லள், பொருளை விற்பவளே. 1887-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் இக்குறையை நீக்கியது. ஒருவர் தம் வீட்டில், குடும்பத்தாரைத் தவிர வேறு ஆள் வைக்காமல் செய்த, 5 பவுனுக்கு உட்பட்ட கம்பளிப் பின்னல் முதலிய பொருள்களை வியாபாரி வாங்கும்போது, அவ்விலையைக் கூலியாகவே பாவித்து நாணயமாகக் கொடுக்க வேண்டுமென்று அது விதித்தது.

சட்டம் வந்தவுடன் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. வாங்குவதற்கு வேறு ஆளில்லாத ஊரில், ஒரே வியாபாரியை எதிர்த்து வழக்காட யார் துணிவார்கள்? பண்டமாற்று 20-ம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் நீடித்தது. அதைத் தளர்த்தியவை புதிய வாங்குவோரும் புதிய வழிகளுமே. 1883-ம் வருஷத்தில் பிரிட்டனில் பார்சல் தபால் ஏற்பட்டதனால், தெற்கேயுள்ள வாடிக்கைக்காரருக்கு நேரே அனுப்புதல் கூடுவதாயிற்று. 1922-ம் வருஷத்தில் வேல்ஸ் இளவரசர் ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில், ஷெட்லந்தைச் சேர்ந்த பேர் தீவின் பலவர்ணச் சட்டையை அணிந்து கோல்ப் ஆடியபின், வரிசைக்கு இரண்டு வர்ணங்களாகப் பின்னும் அச்சரக்குக்குப் பெரும் கிராக்கி உண்டாயிற்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது தீவுகளில் வந்து தங்கிய படைவீரர்கள் பின்னல் சாமான்களை ரொக்கத்துக்கு வாங்கினர். அப்போது பழைய முறை வலுவிழந்தது.

இப்போது ஷெட்லந்தில் 2010-ம் வருஷம் தொடங்கி ஆண்டுதோறும் கம்பளி வாரம் என்னும் விழா நடந்து வருகிறது. வெளிதேசங்களிலிருந்து பின்னல் கற்க அங்கே ஜனங்கள் வருகிறார்கள். ஒரு காலத்தில் தாயிடமிருந்து மகளுக்கு இலவசமாய்ச் சென்ற மாதிரி, இப்போது எழுதப்பட்டுத் தனியே விலை பெறும் பொருளாகவும் ஆகிவிட்டது.

சங்கங்கள் கவனிக்கத்தக்கவை

பின்னல் முதலிய வீட்டுக் கைத்தொழிலை நடத்தும் சங்கங்கள் இவ்வரலாற்றிலிருந்து அறியத்தக்கவை சில உள. முதலாவது, அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குப் புத்தகம் வேண்டும்; வாங்கிய நூலின் எடை, ஒப்பித்த பொருளின் எடை, வேலை செய்த நேரம், பெற்ற தொகை ஆகிய நான்கும் அதில் ஏற வேண்டும். அப்புத்தகம் அங்கத்தினரிடமே இருத்தல் வேண்டும். இரண்டாவது, கூலி ரொக்கமாகவே இருக்க வேண்டும். சங்கமே கடை வைத்திருந்தாலும், கூலிக் கணக்கையும் கடைக் கணக்கையும் ஒன்றாகக் கலத்தலாகாது. மூன்றாவது, மூலப்பொருள் காசில்லாதவருக்கும் கிடைக்கும்படி, நூலைக் கடனாகக் கொடுத்து, சரக்கு விற்றபின் அதன் அடக்க விலையை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும். நான்காவது, அளவுத் துண்டு பின்னிப் பார்த்து ஒரே தரமாகச் சரக்கு செய்தாலன்றி, ஒருவரை விட்டு மற்றொருவரிடம் விற்கும் சுதந்திரம் சங்கத்துக்கு வராது.

விலை குறிக்கும்போது நூலின் விலை, அலசிச் சட்டமிடும் செலவு, அனுப்பும் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே கழித்து, மிஞ்சும் தொகையை வேலை செய்த மணிகளால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரு மணிக்கு என்ன கிடைக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும். அத்தொகை போதாதெனில், மாதிரியை மாற்றுவதோ, விலையை உயர்த்துவதோ, வேறு வாடிக்கைக்காரரைத் தேடுவதோ செய்யலாம். 18 கண்ணிகளில் ஒன்று குறைந்தாலும் அந்த வரிசையிலேயே கண்டுபிடித்துவிடும் பெண்களுக்கு இந்த வகுத்தல் கணக்கு கடினமானதன்று. கணக்குப் புத்தகம் அவர்கள் கையில் இருந்தாற் போதும்.